கைப்பொறியும் எழுதுகோலும்

சுழலும் பொருளின் ஓரத்தில் கைப்பிடி ஒன்றைப் பொருத்தினால் சிறு முயற்சியால் பெரும் பணியை முடிக்கலாம் என்று முதன்முதலாகக் கண்டவர் பெயரை உலகம் அறியாது. ஆயினும் அவர் கண்ட உண்மை நெடுங்காலமாக வீடுகளில் வாழ்ந்து வருகிறது. தானியம் அரைக்கும் திரிகையின் மேற்கல்லில் நடப்பட்ட முளை அவ்வுண்மையின் பழைய வடிவமாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரும்பு வார்ப்புத் தொழில் வளர்ந்தோங்கிய பொழுது, அவ்வுண்மையே மேனாட்டு அடுக்களைகளில் புதிய வடிவங்கள் பலவற்றை எடுத்தது. காப்பிக்கொட்டை அரைக்கும் பொறி, இறைச்சி கொத்தும் பொறி, ஆப்பிளின் தோலைச் சீவும் பொறி, முட்டையை நுரைக்க அடிக்கும் பொறி எனப் பல கைப்பொறிகள் தோன்றின. அவற்றுக்கு மின்சாரம் வேண்டுவதில்லை. ஒரு கையின் வலிமையே போதும்.

இவற்றுள் முட்டை அடிக்கும் பொறி அமைப்பினால் வியப்பூட்டுவது. அமெரிக்க நாட்டில் டர்னர் வில்லியம்ஸ் என்பார் 1870-இல் அதன் சிறந்த வடிவம் ஒன்றிற்குக் காப்புரிமை பெற்றார். அதன் கைப்பிடி பெரிய பற்சக்கரம் ஒன்றைச் சுழற்றும். பெரிய சக்கரத்தின் பற்கள் சிறிய பற்சக்கரங்களைச் சுழற்றும். பெரியது ஒருமுறை சுற்றி முடிப்பதற்குள் சிறியவை பலமுறை சுற்றிவிடும். எனவே கை மெல்லச் சுழன்றாலும், அடியிலுள்ள தகடுகள் விரைந்து சுழன்று முட்டையை நுரைக்கச் செய்யும்.

கைப்பிடியால் பயன்பெற்ற கலைகளுள் மற்றொன்று, ஐஸ்க்ரீம் என்று வழங்கும் பனிக்கூழ் செய்யும் கலையாகும். செல்வர் விருந்துகளில் மட்டுமே காணப்பட்ட அவ்வுணவு, கைப்பொறியின் துணையால் இல்லந்தோறும் செய்யத்தக்கதாயிற்று. அம்மாற்றத்துக்காக உழைத்தவர்களுள் சிறந்தவர் இங்கிலாந்து நாட்டைச் சேர்ந்த ஆக்னஸ் பெர்த்தா மார்ஷல் அம்மையார். அவர் பொறியையும் அமைத்தார். அதனைப் பயன்படுத்தும் முறையை நூலாகவும் எழுதினார்.

குளிர்பதனப் பெட்டி இல்லாத அக்காலத்தில் பனிக்கட்டிக்கு இயற்கையையே நம்பவேண்டியிருந்தது. நார்வே நாட்டு ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்த பனிக்கட்டி, பாளம் பாளமாக அறுக்கப்பட்டுக் கப்பல்களில் லண்டன் மாநகருக்கு வந்து சேர்ந்தது. கார்லோ காட்டி என்னும் வணிகர் அதனைச் சேமிப்பதற்கு ரீஜண்ட் கால்வாயின் கரையில் பெருங்கிணறுகளை அமைத்தார். அவர் அமைத்த கிணறுகள் உள்ள கட்டடம் பின்னாளில் லண்டன் கால்வாய்க் காட்சிச்சாலையாயிற்று. பனிக்கட்டி வணிகம் நம் நாட்டையும் எட்டியது. அமெரிக்க வணிகரான பிரெடெரிக் டியூடர், மாசசூசெட்ஸ் நாட்டுப்புறத்துப் பனிக்கட்டியை 1833-இல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். சென்னைக் கடற்கரையில் 1842-இல் அவர் கட்டிய பனிக்கட்டிக் கிடங்கு 'ஐஸ் ஹவுஸ்' எனப் பெயர் பெற்றது. அக்கட்டடமே இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்குகிறது.

பனிக்கட்டி கிடைத்த பின்னரும் பனிக்கூழ் செய்வது எளிதாக இல்லை. பழைய முறையில், பாலேடும் சர்க்கரையும் கலந்த கலவையை மூடியுள்ள உலோகக் கலத்தில் ஊற்றுவர். பனிக்கட்டியும் உப்பும் நிரம்பிய மரத்தொட்டியினுள் அக்கலத்தை வைத்து, அதன் பிடியைப் பற்றி முன்னும் பின்னுமாகத் திருப்புவர். அடிக்கடி மூடியைத் திறந்து, கலத்தின் சுவரில் உறைந்ததை நீண்ட கரண்டியால் சுரண்டி நடுவில் தள்ளுவர். இதற்கு நெடுநேரமும் கைப்பழக்கமும் வேண்டும். அக்கலையைக் கூறும் நூல்கள் சில இருந்தன. 1820-இல் ஜாரின் என்பார் லண்டனில் வெளியிட்ட நூல் அவற்றுள் ஒன்று. ஆனால் அவை பெரும்பாலும் தொழிலறிந்தோர்க்கே பயன்பட்டன.

இந்நிலையில் 1843-இல் அமெரிக்க நாட்டைச் சேர்ந்த நான்சி ஜான்சன் அம்மையார் கைப்பிடியுள்ள பனிக்கூழ்ப் பொறி ஒன்றிற்குக் காப்புரிமை பெற்றார். உருளை வடிவக் கலத்தின் உள்ளே துடுப்பு ஒன்று இருக்கும். வெளியிலுள்ள கைப்பிடியைச் சுற்றினால் துடுப்பு சுழன்று, சுவரில் உறைந்ததைச் சுரண்டிக் கலவையோடு சேர்க்கும். மூடியைத் திறந்து மூடும் தொல்லை ஒழிந்தது.

இப்பொறிகள் இயங்கும் முறையை அறிய உப்பின் இயல்பை அறிதல் வேண்டும். தூய பனிக்கட்டி சுழிப் பாகை செல்சியஸில் உருகும். உப்பைத் தூவினால் அதற்கும் கீழான வெப்பநிலையிலேயே அது உருகத் தொடங்கும். தக்க அளவில் கலந்தால் அக்கலவையின் குளிர்ச்சி சுழிக்குக் கீழே 21 பாகை வரையிலும் செல்லக்கூடும். உருகும் பனிக்கட்டிக்கு வெப்பம் வேண்டும். ஒரு கிராம் பனிக்கட்டி உருகுவதற்கு ஏறத்தாழ 80 கலோரி வெப்பம் தேவை. அவ்வெப்பத்தை அது அருகிலுள்ள உலோகக் கலத்தினின்றும், கலத்திலுள்ள பாலேட்டினின்றும் கவர்ந்து கொள்கிறது. வெப்பத்தை இழந்த பாலேடு உறைகிறது. உப்பு இல்லையேல், தொட்டி நிறையப் பனிக்கட்டி இருப்பினும் பனிக்கூழ் உறையாது. சர்க்கரை கலந்த பாலேடு சுழிப் பாகைக்கும் கீழே சென்றால்தான் உறையும் என்பதே அதற்குக் காரணம்.

கலவையை அசையாமல் வைத்தால் அது பெரும் படிகங்களாக உறைந்து, நாவில் மணல்போல் நெருடும். இடைவிடாது கலக்கினால் படிகங்கள் சிறியனவாகவே நிற்கும். காற்றும் உள்ளே புகும். அதனால் பனிக்கூழ் வெண்ணெய்போல் மென்மை பெறும். ஆகவே கைப்பிடியைச் சுற்றுவது உறையச் செய்வதற்கு மட்டுமன்று. சுவையான மென்மையைத் தருவதற்கும் ஆகும்.

மார்ஷல் அம்மையார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிறந்தவர். 1878-இல் ஆல்பிரட் மார்ஷல் என்பவரை மணந்தார். 1883-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் லண்டன் மார்ட்டிமர் தெருவில் அவர்களுடைய சமையற்கலைப் பள்ளி தொடங்கியது. அதே திங்களின் முதல் நாளன்றுதான், மணமான பெண்டிர் தம் பெயரில் சொத்துரிமை கொள்ள வழிசெய்த சட்டம் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்தது. பெண்கள் தலைமையேற்றுத் தொழில் நடத்துவது அரிதாக இருந்த காலம் அது. அம்மையார் பள்ளியின் ஆசிரியராகவும், கடையின் தலைவராகவும், நூலாசிரியராகவும் ஒருங்கே விளங்கினார். கணவர் அவருக்குத் துணைநின்றார்.

அப்பள்ளியில் உயர்ந்த பிரெஞ்சுச் சமையல் கற்பிக்கப்பட்டது. இந்தியாவில் பணியாற்றித் திரும்பிய ஆங்கிலேயப் படைத்தலைவர் ஒருவர் நம் நாட்டுக் குழம்பு வகைகளைச் சமைக்கும் முறையைக் கற்பித்தார். பள்ளியை ஒட்டிய கடையில் சமையலுக்கு வேண்டிய கருவிகளும், பழம், பறவை, மீன் போன்ற வடிவங்களில் பனிக்கூழை வார்க்கும் அச்சுகளும் விற்கப்பட்டன. வீடுகளுக்குச் சமையற்காரர்களை அமர்த்தித் தரும் நிலையம் ஒன்றும் நடைபெற்றது.

1885-ஆம் ஆண்டு அம்மையாரின் வாழ்வில் சிறப்புடையது. அவ்வாண்டில் 'பனிக்கூழ் நூல்' என்னும் பொருள்படும் பெயருடைய அவருடைய முதல் நூல் வெளிவந்தது. அவருடைய பனிக்கூழ்ப் பொறி காப்புரிமை பெற்றதும் அக்காலத்தேயாம். நூலும் பொறியும் இரட்டைப் பிள்ளைகள்போல் உடன் பிறந்தன எனலாம்.

பிறர் அமைத்த பொறிகள் உயரமும் ஒடுக்கமும் உடையவை. அம்மையாரின் பொறியோ அகலமும் தாழ்வும் உடையது. மரத்தொட்டியின் நடுவில் உள்ள முளைமேல் அகன்ற தட்டுப் போன்ற கலம் அமர்ந்திருக்கும். கைப்பிடியைச் சுற்றினால் கலமே சுழலும். உள்ளேயுள்ள துடுப்பு அசையாமல் நின்று, உறைந்ததைச் சுரண்டிப் புரட்டும். இவ்வமைப்பின் நுட்பம் எளிதில் விளங்கக்கூடியது. ஓர் ஆழாக்குப் பாலை ஒடுங்கிய செம்பில் ஊற்றினால் அதன் சிறு பகுதியே சுவரைத் தொடும். அதே பாலை அகன்ற தட்டில் ஊற்றினால் மெல்லிய படலமாகப் பரந்து, ஏறக்குறைய முழுவதும் தட்டினைத் தொடும். குளிர்ந்த உலோகத்தை எவ்வளவு மிகுதியாகத் தொடுகிறதோ அவ்வளவு விரைவில் பால் உறையும். அடியில் பனிக்கட்டியும் உப்பும் இட்டால் போதும் என்றும், மூன்று நிமிடத்தில் மென்மையான பனிக்கூழ் கிடைக்கும் என்றும் அம்மையாரின் விளம்பரங்கள் கூறின. உறைந்ததை உருகாமல் காப்பதற்கு, சுவர்களின் இடையே பனிக்கட்டியும் உப்பும் நிரப்பும் பெட்டி ஒன்றையும் அவர் விற்றார்.

பொறியைக் கடையில் வாங்கலாம். அதனை நன்கு ஆளும் அறிவைக் கடையில் வாங்க இயலுமோ? அவ்வறிவை வழங்கியது அம்மையாரின் எழுதுகோல். சர்க்கரை மிகுந்தால் கலவை சரிவர உறையாது. குறைந்தால் பாறைபோல் இறுகும் என்று அவர் தெளிவாக எழுதினார். அச்சில் வார்க்க வேண்டுமாயின் கலவை எந்தப் பதத்தில் இருத்தல் வேண்டும், அச்சினின்றும் எவ்வாறு எடுத்தல் வேண்டும் என்பவற்றையும் விளக்கினார். பனிக்கூழுக்குரிய அடிப்படைக் கலவையை ஒரே முறையில் கூறி நிறுத்தாமல், மிக உயர்ந்தது முதல் மிக மலிவானது வரை பல தரங்களாக வகுத்தார். உயர்ந்த வகைக்குப் பாலேடும் எட்டு முட்டைகளின் மஞ்சட்கருவும் வேண்டும். மலிவான வகைக்குப் பாலே போதும். செல்வர் வீட்டுச் சமையற்காரரும் சிறு குடும்பத்துப் பெண்மணியும் ஒரே நூலில் தத்தமக்கு ஏற்றதைக் காணலாம். வாங்குவோரின் பொருள்நிலையை எண்ணி எழுதிய இவ்வகுப்பு முறையே அவருடைய நூலின் தனிச்சிறப்பாகும்.

1886 முதல் 'மேசை' என்னும் பொருளுடைய பெயரில் வார இதழ் ஒன்றையும் அம்மையார் நடத்தினார். அதில் உணவு முறைகளோடு புதிய கண்டுபிடிப்புகளையும், உணவுப் பொருள்களின் தரத்தையும் பற்றி எழுதினார். 1888-இல் ஊர் ஊராகச் சென்று, மக்கள் முன்னிலையில் ஒரு முழு விருந்தையே சமைத்துக் காட்டினார். அவ்வாண்டில் வெளிவந்த அவருடைய பெரிய சமையல் நூல் 60,000 படிகளுக்கு மேல் விற்பனையாயிற்று. 1891-இல் அதனினும் விரிவான நூலும், 1894-இல் பனிக்கூழைப் பற்றிய இரண்டாம் நூலும் வெளிவந்தன.

1888-ஆம் ஆண்டு நூலில் காணப்படும் ஒரு குறிப்பு நினைவில் கொள்ளத்தக்கது. வாதுமைப் பருப்புப் பொடி, மாவு, சர்க்கரை, முட்டை ஆகியவற்றைக் கலந்து மெல்லிய தகடாகச் சுட்டு, சூடாக இருக்கும்போதே கூம்பு வடிவில் சுருட்டி, அதில் பனிக்கூழை நிரப்பலாம் என்று அம்மையார் எழுதினார். உண்ணத்தக்க கூம்பைப் பற்றி அச்சில் வந்த மிகப் பழைய குறிப்புகளுள் இஃது ஒன்று. அந்நாளில் லண்டன் தெருக்களில் பனிக்கூழைச் சிறு கண்ணாடிக் கிண்ணங்களில் விற்றனர். ஒருவர் நக்கித் தின்று திருப்பிக் கொடுத்த கிண்ணத்திலேயே அடுத்தவர்க்கும் கொடுப்பது வழக்கம். அதனால் நோய் பரவும் என்ற அச்சம் எழுந்தது. கிண்ணத்தையே உண்டுவிட்டால் அவ்வச்சம் ஏது?

மற்றொரு குறிப்பு இன்னும் வியப்பானது. அக்காலத்தில் ஜேம்ஸ் டூவர் என்னும் அறிவியலறிஞர், காற்றைக் கடுங்குளிரில் நீர்மமாக்கி, அதன் இயல்புகளை லண்டனில் மக்கள் முன்னிலையில் விளக்கி வந்தார். 1901-இல் அம்மையார் தம் இதழில் ஒரு கருத்தை வெளியிட்டார்: விருந்தினர் ஒவ்வொருவரும் தம் கிண்ணத்திலுள்ள கலவையில் நீர்மக் காற்றைச் சிறிது சேர்த்துக் கரண்டியால் கலக்கினால், மேசையிலேயே பனிக்கூழ் செய்து கொள்ளலாம் என்பதே அது. அவர் கூறிய சில துளிகள் போதா. மிகுதியான அளவு வேண்டும். ஆயினும் எண்ணம் சரியானதே. காற்றிலுள்ள நைட்ரஜனை நீர்மமாக்கினால் அதன் குளிர்ச்சி சுழிக்குக் கீழே 196 பாகை. அதனைக் கொண்டு நொடிப்பொழுதில் பனிக்கூழ் செய்யும் முறை இக்காலத்து உணவகங்களில் வழங்குகிறது.

அம்மையாரிடம் குறை காண்போரும் இருக்கலாம். அவருடைய நூல்களில் அவர் கடையில் விற்ற பொருள்களே அடிக்கடி குறிக்கப்படுகின்றன. நூலே விளம்பரமாயிற்று என்பர். அது மெய்யே. ஆயினும் அவர் பொருளை விற்பதற்காக அறிவை மறைத்து வைத்தாரல்லர். பொறியை வாங்காதவரும் நூலைப் படித்து, தம்மிடம் உள்ள கலத்தைக் கொண்டு பனிக்கூழ் செய்து கொள்ளலாம்.

1904-இல் அம்மையார் குதிரையினின்றும் விழுந்து காயமுற்றார். அடுத்த ஆண்டு ஜூலைத் திங்கள் 29-ஆம் நாள் பின்னர் என்னும் ஊரில் புற்றுநோயால் உயிர்நீத்தார். அவருக்குப் பின் தொழில் படிப்படியாகத் தளர்ந்தது. 1920-களின் பிற்பகுதியில் அவருடைய நூல்களின் உரிமை வார்டு லாக் என்னும் பதிப்பகத்துக்குச் சென்றது. அதே பதிப்பகம் இசபெல்லா பீட்டன் அம்மையாரின் நூலையும் வெளியிட்டு வந்தது. பீட்டன் அம்மையாரின் இல்லப் பராமரிப்பு நூல் 1861-இல் வெளிவந்தது. அதிலுள்ள சமையற்குறிப்புகளிற் பெரும்பாலானவை பிறர் நூல்களினின்றும் தொகுக்கப்பட்டவை. அவர் 1865-இல் 28 வயதிலேயே மறைந்தார். எனினும் அவர் நூல் மீண்டும் மீண்டும் அச்சேறியமையால் அவர் பெயர் வீட்டுச் சொல்லாய் நிலைத்தது. கற்பித்தும், கருவி அமைத்தும், கண்டு தெளிந்ததை எழுதியும் உழைத்த மார்ஷல் அம்மையாரின் பெயரோ, நூல்கள் மறுபதிப்புப் பெறாமையால் மக்கள் நினைவினின்றும் நழுவிற்று. புகழ் எப்பொழுதும் தகுதியை அளந்து வருவதில்லை என்பதற்கு இவ்விருவர் வரலாறும் சான்றாகும்.

ஆயினும் வரலாறு அத்துடன் முடியவில்லை. பழைய நூற்படிகள் நூலகங்களில் கிடந்தன. பழைய பொறிகள் வீடுகளின் பரண்களில் கிடந்தன. 1976-இல் நியூயார்க் பெருநகரக் கலைக் காட்சிச்சாலை அவருடைய பனிக்கூழ் நூலைப் புதுக்கி வெளியிட்டது. உணவு எழுத்தாளராகிய எலிசபெத் டேவிட் அம்மையார், பனிக்கட்டியின் வரலாற்றைக் கூறும் தம் நூலில் அவரைப் போற்றினார். அந்நூல் 1994-இல் வெளிவந்தது. 1998-இல் அவர் வாழ்வையும் பணியையும் கூறும் தனிநூலும் வெளிவந்தது. உணவு வரலாற்று ஆராய்ச்சியாளர் பழைய பொறிகளைத் தேடியெடுத்து, பனிக்கட்டியும் உப்பும் இட்டு இயக்கிப் பார்த்தனர். நூலில் கண்ட முறைப்படியே பனிக்கூழ் உறைந்தது.

இதனால் நாம் அறிவது ஒன்று உண்டு. கைத்திறன் கையோடு மறையும் இயல்புடையது. திறமுடையவர் எத்துணையோ பேர் தம் கலையைப் பிறர்க்கு உரையாமலே மறைந்தனர். அவருடன் அக்கலையும் மறைந்தது. மார்ஷல் அம்மையார் தம் திறனைக் கருவியாக அமைத்தார். அளவும் காரணமும் விளங்க எழுத்திலும் பதித்தார். ஆகவே உலகம் அவர் பெயரை மறந்திருந்த நாளிலும் அவர் அறிவு அழியாமல் காத்திருந்தது. நம் வீடுகளிலும் திரிகையும் உரலும் அம்மியும் மூலையில் ஒதுங்குகின்றன. அவற்றை ஆண்ட கைகளின் அறிவோ பெரும்பாலும் எழுத்தில் இல்லை. எந்தத் தானியத்தை எவ்வளவு ஊறவைப்பது, எந்தப் பதத்தில் அரைப்பை நிறுத்துவது என்பவை முதியோர் நினைவில் மட்டுமே வாழ்கின்றன. அவற்றைக் கேட்டறிந்து எழுதி வைத்தல் இளைஞர் கையில் உள்ள பணியாகும்.

பயிற்சி

1. பனிக்கட்டியுடன் உப்பைச் சேர்ப்பது ஏன்? விளக்குக.
2. மார்ஷல் அம்மையாரின் பொறி பிற பொறிகளினின்றும் எவ்வாறு வேறுபட்டது? அதனால் விளைந்த நன்மை யாது?
3. 'வாங்குவோரின் பொருள்நிலையை எண்ணி எழுதிய வகுப்பு முறை' என்பதன் கருத்தை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
4. பீட்டன் அம்மையாரின் பெயர் நிலைத்ததற்கும் மார்ஷல் அம்மையாரின் பெயர் மறைந்ததற்கும் காரணங்கள் யாவை?
5. உங்கள் வீட்டில் முன்னாளில் வழங்கிய கைக்கருவி ஒன்றைப் பற்றி முதியோரிடம் கேட்டறிந்து, அதனைப் பயன்படுத்தும் முறையை ஒரு பக்க அளவில் எழுதுக.